கோடு போட்ட நாட்கள்

புதன்கிழமை, காலை 8.30. முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடிக் குடுவை. ஆற்று நீரை மதகுகளால் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கரையில், முள்கம்பி வேலி போட்ட சின்னச் சதுரத்துக்குள், செங்கல் மேடை ஒன்றின் மேல் அது நின்றது. உள்ளே முந்தைய நாட்களின் மழைநீர். குடுவைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கண். குடுவையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இவர் குடுவையைத் தொடவில்லை. கன்னம் ஏறக்குறைய ஈர மண்ணில் படும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, நீர்மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோயிருந்தார்.

"முப்பத்தாறு புள்ளி நாலு," என்றார். அது யாரிடமும் சொன்னது அல்ல. எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பதிவேட்டில் எழுதினார். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'இரண்டு நாள் சேர்த்து' என்று குறித்து, கையெழுத்துப் போட்டார்.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு நாளும் மாவட்டத்தின் மழை அளவுப் பட்டியலை வாங்கி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பட்டியலில் ஒரே ஓர் ஊருக்கு மட்டும் அடிக்கடி எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு வந்துகொண்டிருந்தது. "அந்த ஊர்ல மழைமானிக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவா?" என்று பக்கம் கட்டுகிறவர் போனில் கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன்.

"நேத்து கோடு போட்டிருந்தீங்களேம்மா. நேத்து காலையில நல்ல மழையாச்சே?"

"பெஞ்சிருக்கும் சார். நான் பாக்கலை."

"அப்ப பூஜ்யம்னு போட்டிருக்கலாமே. பட்டியலாவது ஒழுங்கா இருக்கும்."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். கோபம் இல்லை, ஒரு கணக்கில் எங்கே தவறு என்று தேடுகிறவரின் முகம்.

"பூஜ்யம்னா பாத்தேன், மழை இல்லைன்னு அர்த்தம். கோடுன்னா பாக்கவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா சார்?"

ஷட்டர்களுக்கு கிரீஸ் பூசிக்கொண்டிருந்த லஸ்கர் மேலேயிருந்து குரல் கொடுத்தார். மதகைத் திறந்து மூடுகிறவருக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் அந்தப் பெயர்தான். "பக்கத்து ஊருல என்ன போட்டிருக்கானோ, அதுல ரெண்டு கூட்டிக் கொறச்சுப் போட்டா எவன் கேக்கப் போறான்? கேக்க மாட்டேங்குது சார் இந்தத் தங்கச்சி. நானே பாத்துச் சொல்றேன்னுகூடச் சொல்லிட்டேன்."

"சொல்லுங்கண்ணே. சொல்லிட்டு அந்தக் கட்டத்துல நீங்களே கையெழுத்தும் போட்டுடுங்க."

"கையெழுத்தா? ஏன் ஆத்தா, ரிட்டயர் ஆவப் போற நேரத்துல எனக்கு அந்த வம்பு?" என்று அவர் அடுத்த ஷட்டருக்கு நகர்ந்துவிட்டார்.

அந்த ரெகுலேட்டர் வெண்ணாற்றின் ஒரு கிளையில் இருந்தது. பக்கத்தில் பாசனப் பிரிவு அலுவலகம்: இரண்டு அறை, ஓர் இன்ஜினியர், பாதிக்கு மேல் காலியான பணியிடங்கள். அந்தப் பெண்ணின் தந்தை பண்ணை வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து அங்கேயே லஸ்கராக இருந்தவர்; பணிக்காலத்தில் இறந்துபோனதால் மகளுக்கு அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. அஞ்சல் வழியில் கணிதம் படித்திருந்தார். காலை 8.30-க்கு மழை, ஆறு மணிக்கும் பதினெட்டு மணிக்கும் ஆற்றின் மட்டம். நேரத்தையும் அவர் அப்படித்தான் சொல்வார். மாலை ஆறு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவரிடம் 'நிறைய', 'கொஞ்சம்', 'சுமார்' ஆகிய சொற்கள் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டதா என்று விவசாயிகள் கேட்டால், "மூணாவது ஷட்டர்ல ஒன்றரை அடி," என்பார். சாப்பிட்டாயிற்றா என்றால், "ரெண்டு இட்லி." ஒருமுறை திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். "வந்ததும் சொல்றேன்," என்றார். கிண்டல் இல்லை. பஸ் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவும் செய்தார்.

பிறகு மழைக்காலங்களில் அவரிடம் நேராகவே போனில் கேட்க ஆரம்பித்தேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார். "சார், இன்னைக்குப் பேப்பர்ல எங்க ஊரே இல்லையே?"

அகர வரிசையில் அவருடைய ஊர் கடைசி. இடம் போதாதபோது பட்டியலின் கடைசி வரிகளை எடுத்துவிடுவார்கள். செய்தித்தாளில் எதையும் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள் என்றும், அதனால்தான் முக்கியமானதை முதல் பத்தியில் எழுதுகிறோம் என்றும் விளக்கினேன்.

"அப்ப கடைசியில வெக்கிறது போனாலும் பரவால்லைன்னு அர்த்தமா?"

"ஏறக்குறைய அப்படித்தாம்மா."

"சரிங்க," என்றார். அவருடைய 'சரிங்க' ஒப்புதல் அல்ல. குறித்துக்கொண்டேன் என்பதற்கான ரசீது.

வாரத்தில் அந்த இரண்டு நாட்கள் அவர் எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேறொரு செய்திக்காகத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். சுவரோரம் பெஞ்சுகளில் நோயாளிகளின் மனைவிகள், அம்மாக்கள். சிலர் தூங்கினார்கள், ஒருவர் பூத்தொடுத்தார். கடைசி பெஞ்சில் இவர், போனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு. அந்தக் குடுவையைப் பார்த்த அதே பார்வை.

செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் கணவரை அழைத்துக்கொண்டு வருவார். இன்ஜினியர் அனுமதி கொடுத்திருந்தார். அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலக வேலை பார்த்துக் கொடுத்தார். உள்ளே இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடும். வெளியே இவர் உட்கார்ந்திருப்பார்.

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லலை?"

"நீங்க ஏன் கோடு போட்டீங்கன்னுதானே சார் கேட்டீங்க. எங்க போனேன்னு கேக்கலையே."

போனின் திரையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. நூற்றுக்கணக்கில், இடமிருந்து வலமாக, ஒரு நீண்ட பட்டையாக. மேலே சில, கீழே சில, விதைத்துவிட்ட உளுந்து போல. "இது ஒரு நட்சத்திரம் சார்," என்றார்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவு. விண்வெளியில் ஒரு தொலைநோக்கி வானத்தின் ஒரு துண்டை மாதக்கணக்கில் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பல லட்சம் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் ஒரு புள்ளி. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கோள் கடந்து போனால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் ஒரு துளி குறையும். புள்ளிகளின் வரிசையில் ஒரு சிறு பள்ளம் விழும். கணினிகள் அந்தப் பள்ளங்களைத் தேடுகின்றன, ஆனால் சிலவற்றை விட்டுவிடுகின்றன. அதனால் அந்த வரைபடங்களை ஓர் இணையதளத்தில் போட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. பள்ளம் தெரிந்தால் அந்த இடத்தில் கட்டம் போட வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

"தெரியலைன்னு சொல்றதுக்கும் ஒரு பட்டன் வெச்சிருக்காங்க சார்," என்றார். அவர் மகிழ்ச்சியாக எதையாவது சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

புள்ளிகளின் நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. விரல் அகலத்துக்கு வெள்ளை. அது என்ன என்றேன்.

"அந்த நேரத்துல அது பூமிப் பக்கம் திரும்பி, பாத்ததையெல்லாம் அனுப்பிட்டு வரும். அப்ப நட்சத்திரத்தைப் பாக்காது. அந்த இடத்துல ஒண்ணும் போட மாட்டாங்க. இந்தப் பக்கப் புள்ளியையும் அந்தப் பக்கப் புள்ளியையும் சேத்து ஒரு கோடு இழுத்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது? இழுக்கலை பாருங்க. வெறுசா விட்டிருக்காங்க."

வெள்ளையான அந்த இடத்தை விரலால் ஒரு தடவை தொட்டார். திரை நகர்ந்து அடுத்த நட்சத்திரம் வந்தது.

பகல் பதினோரு மணிக்கு, பினாயில் வாசனையில், அவர் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். தாழ்வாரத்தின் கம்பி ஜன்னல் வழியே வேப்ப மரத்தின் நிழல் தரையில் அசைந்தது. யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டார். பூத்தொடுத்தவரின் மடியில் சரம் நீண்டுகொண்டிருந்தது. நான் வந்த வேலையை மறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புள்ளிகள் வந்தன, போயின. சில நட்சத்திரங்கள் அலையலையாக மூச்சு விட்டன. சில அசையவே இல்லை. சில திடீரென்று ஒரு முறை பளிச்சிட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தார்.

கணவரை அன்றுதான் பார்த்தேன். கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு வீட்டில் இருந்தார். சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. குரலில் மட்டும் மெஷினைவிட உரக்கப் பேசிப் பழகிய பலம்.

"எல்லாப் பொண்டாட்டியும் ஆஸ்பத்திரில புருசன் பக்கத்துல ஒக்காந்து அழுவாளுவ சார். என் பொண்டாட்டி வேற சூரியனைப் பாத்துக்கிட்டு இருக்கா."

"எத்தனை பாத்தேன்னு கேக்கச் சொல்லுங்க சார் அவரை," என்றார் இவர்.

"எத்தனை?" என்றார் கணவர்.

"நாப்பத்தி மூணு."

"எனக்கு இங்க ரத்தம் ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள நாப்பத்தி மூணு ஊரு போயிட்டு வந்துட்டா பாத்தீங்களா!" என்று சிரித்தார். பஸ் நிலையம் வரை ஆட்டோவில் போனோம். அங்கே, பஸ் ஏறுவதற்கு முன், கணவர் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தார். இவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்றார். திரும்புகிற பஸ்ஸில் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டுக்கு மேல் இந்தப் பஸ் பயணத்தை அந்த உடம்பு தாங்கவில்லை. தஞ்சாவூர் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு இவர் மனுக் கொடுத்திருந்தார். அங்கே போனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். காலியிடம் ஒன்று. கேட்டவர்கள் பலர்.

அந்த ஆண்டு சம்பா நடவு முடிந்த நேரத்தில் அவர் ஒரு நட்சத்திரத்தில் இரண்டு பள்ளங்களைக் கண்டார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே நாற்பத்தோரு நாள். எனக்கு அதைக் காட்டியது அலுவலகத்தில், மதிய உணவு நேரத்தில். தயிர்சாத டப்பா திறந்தபடியே இருந்தது.

"மேல எங்கயாவது வாய்க்கால் மதகைத் திறந்தா இங்க மட்டம் இறங்கும், அப்புறம் பழையபடி ஏறும். அந்த மாதிரிதான். கூர்மையா புனல் மாதிரி இறங்கி ஏறினா, அது ரெட்டை நட்சத்திரம், ஒண்ணை ஒண்ணு மறைக்குது. இது பாருங்க, அடியில தட்டையா, கிண்ணம் மாதிரி. ஒரே ஆழம். ரெண்டு தடவையும்."

கணினி அதைத் தவறவிட்டிருந்தது. தளத்தை நடத்துகிறவர்கள் அவருக்குப் பதில் எழுதியிருந்தார்கள்: நல்ல கவனிப்பு, இதை வேட்பாளர் பட்டியலில் சேர்க்கிறோம், மூன்றாவது பள்ளமும் அதே இடைவெளியில் வந்தால் மேற்கொண்டு ஆராயலாம். மூன்றாவது பள்ளம் விழ வேண்டிய நாள் ஏற்கெனவே போய்விட்டது. விழுந்ததா இல்லையா என்பது நடந்து முடிந்த விஷயம். அந்த மாதத்தின் அளவுகள் மட்டும் இன்னும் தளத்துக்கு வந்து சேரவில்லை, ஜனவரியில் வரும்.

"வேட்பாளரா?" என்றார் லஸ்கர். "எந்தக் கட்சி?"

"சுயேச்சைண்ணே."

"வானத்துல இருக்கிறத எண்ண ஊரு ஊரா ஆள் வெச்சிருக்கானுவ. இங்க வாய்க்கால்ல இருக்கிற தண்ணிய எண்ண ஒரு ஆளப் போட மாட்டேங்கிறானுவ."

அன்று மாலை ரெகுலேட்டர் பாலத்தின் மேல் நின்றிருந்தோம். வெயில் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் இளம்பயிர், அதன் காலடியில் தண்ணீர், தண்ணீருக்குள் ஆறிக்கொண்டிருந்த வானம். மேலே எது தொடங்குகிறது, கீழே எது முடிகிறது என்று தெரியவில்லை. கொக்குகள் வரிசையாக மேற்கே போயின; ஒரு இடத்தில் வரிசை லேசாகத் தொய்ந்து, மறுபடி நேரானது. முதல் வெள்ளி முளைத்ததும் அவருடைய நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை. அளவுகோலில் பதினெட்டு மணி மட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தெற்கே சார். கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைக் கை காட்டக் கூடாது."

செய்தியை நான் எழுதினேன். எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: கோள் என்று உறுதியாகவில்லை என்பதை எழுத வேண்டும். எழுதினேன். ஆறு பத்திகள். முதல் பத்தியில் பாசன அலுவலக உதவியாளர், தூர நட்சத்திரம், கைப்பேசி. ஆறாவது பத்தியில் அவருடைய வார்த்தைகள்: "இது கோள்தானா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை பார்க்க வேண்டும்." அன்று இரவு கடைசி நேரத்தில் ஒரு நினைவஞ்சலி விளம்பரம் வந்தது. ஐந்து பத்திகள் அச்சாயின. தலைப்பு: 'புதிய கோளைக் கண்டுபிடித்த டெல்டா பெண்.'

காலை 8.40-க்குப் போன் வந்தது. அன்றைய மழையைப் படித்து எழுதி முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"கடைசிப் பத்தி எங்க சார்?"

"இடம் பத்தலைம்மா. விளம்பரம் வந்துடுச்சு."

"கீழேருந்துதான் வெட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். பதினேழு வருடம் அந்த வேலை செய்திருந்தேன். சந்தேகத்தை முதல் பத்தியில் வைத்தால் அது செய்தியே இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை. திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

ஆனால் மூன்றே நாளில் கடைத்தெருவில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அவருடைய ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் வளையத்தோடு ஒரு கோள். கீழே ஊர் மக்கள், நண்பர்கள். லஸ்கரின் பெயரும் இருந்தது. "வளையம் வேணாம்னுதான் சொன்னேன் தங்கச்சி. பிரிண்டிங்காரன் வளையம் இல்லாட்டி உருளைக்கிழங்கு மாதிரி இருக்குங்கிறான்," என்றார். இவரோ ஃப்ளெக்ஸுக்குக் கீழே இரண்டு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார்.

இன்ஜினியர் செய்தியை வெட்டி மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். குடியரசு தின விழாவில் கலெக்டர் கையால் நற்சான்றிதழ் வாங்குகிறவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் ஏறியது. நான் போயிருந்தபோதுதான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர், சந்தோஷமாகச் சொன்னார்.

"இருபத்தாறாம் தேதி சான்றிதழ். இருபத்தேழாம் தேதி அதை வெச்சு உங்க டிரான்ஸ்ஃபர் மனுவை நானே கையில எடுத்துட்டுப் போறேன். இதுக்கு மேல யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதும்மா."

அவர் பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: திருத்தத்தை எழுதி வைத்திருக்கிறேன், இருபத்தாறு கழியட்டும், அப்புறம் அனுப்புகிறேன். யாரும் கேட்கவில்லை, அவசரம் இல்லை. அதற்குள் மூன்றாவது பள்ளமும் வந்துவிட்டால் திருத்தமே வேண்டாம்.

"வந்துட்டா வேணாம்," என்றார். பாலம் வரை நடந்து வந்த பிறகு, "ஜனவரி வரைக்கும் நான் பாக்கலை. அவ்வளவுதான் சார்," என்றார். அவர் தனக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டது போல இருந்தது. கணவருடைய கருத்தும் அதுதான்: "ஒரு மாசம் பொறுத்தா என்ன? வானம் எங்க ஓடிப் போவுது?"

மார்கழி முடிந்து தை பிறந்தது. கதிர்கள் தலை சாய்ந்துவிட்டன. காலைப் பனியில் வயல்கள் முழுவதும் வெள்ளையாகி, வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல், ரெகுலேட்டரின் ஷட்டர்கள் மட்டும் மேகத்தில் நிற்பது போல நிற்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து 8.30-க்கு அவர் தினமும் எனக்குச் சொன்னது பூஜ்யம். மழை ஓய்ந்த மாதம். செவ்வாயும் வெள்ளியும் கோடு.

பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது பள்ளம் விழ வேண்டிய மாதத்தின் அளவுகள் தளத்தில் ஏறின. நானும் அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் போயிருந்தேன். எதற்குப் போனேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அவர் நட்சத்திரத்தைத் திறந்தார். புள்ளிகள் இடமிருந்து வலமாக நிரம்பின. விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நாற்பத்தோராவது நாளுக்கு ஆறு மணி நேரம் முன்பு புள்ளிகள் நின்றுவிட்டன. பிறகு வெள்ளை. ஒரு விரல் அகலம். மறுபடி புள்ளிகள் தொடங்கியபோது எல்லாம் பழைய மட்டத்தில் இருந்தது.

அது பூமிப் பக்கம் திரும்பியிருந்த நேரம்.

"திரும்ப எப்பம்மா பாக்கும்?"

"அந்த மாசத்தோடயே அது வானத்துல வேற பக்கம் போயிடுச்சு. திரும்ப இங்க வர ரெண்டு வருசம் ஆவும்."

உள்ளேயிருந்து இயந்திரத்தின் பீப் சத்தம் கேட்டது, நின்றது. அவர் திரையை அணைக்கவில்லை. அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்தியிருந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அவர் இன்ஜினியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். அதன் நகலை எனக்கும் காட்டினார். முதல் வரி: 'அந்தப் பொருள் கோள்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.' காரணங்கள் எல்லாம் அதற்குக் கீழே.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இல்லைன்னு யாரும் சொல்லலையேம்மா!"

"ஆமான்னும் சொல்லலையே சார்."

"சான்றிதழ்ல கோள்னு வார்த்தையே இல்லாம எழுதச் சொல்றேன். சிறந்த பணின்னு போடுவாங்க."

"எதுக்காகக் குடுக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே சார்."

"உங்க வீட்டுக்காரரை நெனச்சுப் பாத்தீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே அறுவடை மெஷின் ஒன்று கரையில் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறி முடிக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து பஸ்ல வரும்போது அவர்கிட்டதான் சார் மொதல்ல சொன்னேன். எழுதிக் குடுத்துடுன்னு அவர்தான் சொன்னாரு. ரெண்டு ஸ்டாப் கழிச்சு, எழுதாட்டியும் பரவால்லைன்னாரு. ரெண்டையும் சொன்னாரு."

பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. குடியரசு தின விழாவில் வேறு ஒருவர் மேடையேறினார். தஞ்சாவூர்க் காலியிடம் பிப்ரவரியில் நிரம்பியது. என் திருத்தம் நான்கு வரியில், ஐந்தாம் பக்கத்தில், அவருடைய கடிதத்துக்கு ஆறு நாள் கழித்து வந்தது. அவர் படித்துவிட்டுப் போன் செய்தார். "சரிங்க," என்றார். பிறகு, "இனிமே என் பேரு போடாதீங்க சார்." அதனால் இங்கேயும் போடவில்லை.

நானும் பிப்ரவரியில் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டேன். அங்கே கடல், விசைப்படகுகள், மீன்பிடித் தடைக்காலம் என்று வேறு செய்திகள். மழைப் பட்டியல் இன்னொருவர் கைக்குப் போனது. நாகூரில் ஒருநாள் மாலை கடற்கரையில் நின்றபோது தெற்கே அண்ணாந்து பார்த்தேன். எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அவருடையது எது என்று தேடவில்லை.

ஜூனில் குறுவைக்குத் தண்ணீர் திறந்த செய்திக்காக மறுபடி அந்தப் பக்கம் போனேன். ரெகுலேட்டரில் புது வண்ணம். லஸ்கர் ஓய்வு பெற்றுவிட்டார். ஷட்டர்களின் கீழே முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகுகளைச் சுமந்துகொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை 8.30. அவர் வேலிக்குள் இருந்தார். புனலைக் கழற்றினார். பாட்டிலைக் குடுவைக்குள் கவிழ்த்தார். குடுவையைச் செங்கல் மேடையில் வைத்துத் தலையைத் தாழ்த்தினார். எழுந்து 0.0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாங்க சார்," என்று பதிவேட்டை என்னிடம் நீட்டினார்.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏப்ரல் கடைசி வரை செவ்வாய், வெள்ளிகளில் மட்டும் கோடு இருந்தது. மே முதல் பதினோரு நாளும் வரிசையாகக் கோடு. மே பன்னிரண்டாம் தேதியிலிருந்து எல்லா நாளுக்கும் எண் இருந்தது.